ரோத்தானும் வேண்டாம், ரகசிய மாத்திரையும் வேண்டாம்

தைப்பூசத்துக்கு மாலை போட்டு மூன்றாவது நாள். அதுவரை தினமும் குடித்து வந்தவர் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கத்துகிறார். சாமி வந்திருக்கிறது என்கிறார்கள் சிலர், காத்துக்கருப்பு என்கிறார்கள் சிலர். வேப்பிலை அடித்து, திருநீறு பூசி, நினைவு தப்பிய பிறகுதான் கார் தேடுகிறார்கள்.

தோட்டப்புறக் குடும்பங்களைப் பார்த்துவரும் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கிளினிக் வரிசையில் ஓர் அம்மா ஏழு வயதுப் பையனோடு உட்கார்ந்திருப்பார். வகுப்பில் உட்காருவதில்லை, அடுத்த பிள்ளையைக் கடிக்கிறான், போனைப் பிடுங்கினால் தலையைச் சுவரில் மோதுகிறான். இரண்டு வருடமாக இருக்கிறது. அதற்குள் ரோத்தான் பிரம்பு, மந்திரித்த கயிறு, சளி மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியாகத்தான் கிளினிக்.

இது ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்சினை இல்லை. மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019இல் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. 2023இல் அது 16.5 விழுக்காடு. ஆறு பிள்ளைகளில் ஒருவர்.

## தோட்டம் அன்றே கண்டுகொண்டது

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருப்பது சாதாரணம். உழைத்த காசு அங்கேயே கரைந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கெடாத் தோட்டத் தொழிலாளரிடையே எழுந்த தொண்டர் படையும் 1947இல் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. பெரும்பாலும் எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அந்தத் தொழிலாளர்கள், குடிப்பவனை மட்டும் திட்டிக்கொண்டிருக்கவில்லை. குடியைத் தூண்டுவது எது என்று பார்த்து, அதை அகற்றப் போராடினார்கள். இன்றைய நடத்தைச் சிகிச்சையும் அதே கேள்வியில்தான் தொடங்குகிறது.

## முன்னால் என்ன, பின்னால் என்ன?

ஒரு நடத்தை தொடர்ந்து நடக்கிறது என்றால், அதனால் அந்த ஆளுக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஆகவே இரண்டு கேள்விகள்: அது நடப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? நடந்த உடனே என்ன கிடைத்தது?

கேமரன் மலையின் தானா ராத்தா கடைத்தெருவில் மிட்டாய்க்கு அழும் பிள்ளையைப் பாருங்கள். நான்கு முறை "முடியாது" என்கிறார் அம்மா. ஐந்தாவது முறை, நாலு பேர் திரும்பிப் பார்ப்பதால் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். இன்னும் உரக்க, இன்னும் நீளமாக அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து நடத்திய ஆய்வுகளில் இது தெளிவானது. ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்தவை, தீனி நின்றதும் சீக்கிரமே முயற்சியை விட்டன. எப்போதாவது மட்டும் கிடைத்தவையோ நெடுநேரம் விடாமல் முயன்றன.

அப்பாவின் குடியும் இப்படித்தான். முன்னால் இருப்பவை சம்பள நாள், முதுகுவலி, கடன், கூட்டாளிகள். குடித்த உடனே வலி மரத்துப்போகிறது, கவலை மறக்கிறது. பழக்கம் முற்றியபின் காலையில் கைநடுக்கம் நிற்பதற்கே ஒரு கிளாஸ் தேவைப்படுகிறது. குடல் புண்ணும் குடும்பச் சண்டையும் பிறகுதான் வருகின்றன. உடனே கிடைப்பதே மூளையைப் பிடித்து வைக்கிறது.

## நம்பிக்கை ஒன்று, உண்மை வேறு

"குளிருக்குக் கொஞ்சம் போட்டால் உடம்பு சூடாகும்." மலைப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. மது தோலுக்கடியில் இருக்கும் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடு ஏறுவதுபோல் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடு வெளியேறி உடல் குளிர்கிறது.

"மனசு வைத்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம்." சிலரால் முடியும். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவருக்கு இது உயிருக்கே ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும், இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கலாம். மாலை போட்டவருக்கு வந்தது சாமியும் இல்லை, பேயும் இல்லை. விரதம் இருங்கள், நல்லது. ஆனால் மாலை போடும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைக்க முடியும்.

"காப்பியில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார்." இதைக் கேட்கும்போதெல்லாம் மருத்துவர்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. குடியை நிறுத்த உதவும் டைசல்பிராம் என்ற மாத்திரை உண்டு. அது குடிப்பவரின் முழுச் சம்மதத்தோடு, இதயத்தையும் ஈரலையும் சோதித்த பின் கொடுப்பது. அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் சரியும். சிலர் இறந்தும் போகிறார்கள். விளம்பரத்தில் வரும் பெயரில்லாப் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. அன்போடு கலந்தாலும் அது விஷம்தான்.

"மலிவான சம்சு சாராயம்தானே, என்ன ஆகிவிடும்?" 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். குடித்த மறுநாள் பார்வை மங்கினால், படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள்.

"அடித்தால்தான் பிள்ளை திருந்தும்." அடி விழுந்ததும் பிள்ளை நிறுத்துகிறது. அதனால் அடித்தவருக்கு அது பலித்ததாகத் தெரிகிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் என்ற ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி, சுமார் 160,000 பிள்ளைகளின் விவரங்களை 2016இல் அலசினார்கள். அடிபட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சிக்கலும்தான் கூடுதலாக இருந்தன. கீழ்ப்படிதல் வளரவில்லை. கோபம் வந்தால் பலவீனமானவரை அடிக்கலாம் என்பதுதான் ரோத்தான் கற்றுக்கொடுக்கும் பாடம்.

"சளி மருந்து கொடுத்தால் அடங்கித் தூங்குவான்." தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் பிள்ளையை அடக்குவதற்கு அல்ல. அளவு கூடினால் மூச்சுத் திணறும். சில பிள்ளைகள் அதைக் குடித்து இன்னும் துள்ளுவார்கள். பாட்டி வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள்.

"போனைக் கொடுத்தால் அழுகை நிற்கிறது." நிற்கும், நாளைக்கு அழ இன்னொரு காரணமும் கிடைத்துவிடும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 5 வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

## பரிசோதனைகள்

நடத்தைக்குப் பின்னால் உடல்நலக் காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் காது, கண், இரத்தச்சோகை, தூக்கம். பெரியவருக்கு ஈரல், சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு. எதைச் சோதிப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

## மாற்றம் எப்படி வருகிறது?

முதலில் ஒரு வாரம் திட்டாமல் எழுதி வையுங்கள். எப்போது, எங்கே, முன்னால் என்ன, பின்னால் என்ன? பசி, தூக்கமின்மை, வீட்டுப்பாடம், தம்பிக்குக் கிடைக்கும் கவனம் என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதை மாற்றுவது பிள்ளையை மாற்றுவதைவிடச் சுலபம்.

அடுத்து, நல்லதைக் கையும் களவுமாகப் பிடியுங்கள். "தம்பிக்குப் பென்சில் கொடுத்தியே, ரொம்ப நல்லா இருக்குப்பா" என்று அந்த நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். வேண்டாத அழுகைக்குப் பலன் கொடுப்பதை நிறுத்தினால், முதல் சில நாள் அழுகை இன்னும் கூடும். இதை நிபுணர்கள் எதிர்பார்த்தே சொல்லி அனுப்புவார்கள். அந்த நாட்களில் பெற்றோர் விட்டுக்கொடுத்துவிட்டால், அதற்கு முன் பட்ட பாடு வீண். வீட்டில் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அம்மா மறுத்ததை அப்பாயி கொடுக்கக் கூடாது. இத்தனையும் செய்தும் அடங்காத பிள்ளைக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறோ ஆட்டிசமோ இருக்கலாம். அது வளர்ப்பின் குற்றமல்ல.

பெரியவர்களிடம் பேசும் நேரம் முக்கியம். போதையில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை. மறுநாள் தெளிந்திருக்கும்போது, "நீங்க குடிக்காத அன்னிக்குப் பிள்ளை உங்ககிட்ட வந்து தூங்குறா" என்று சொன்னால் காதில் ஏறும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையம், குடிப்பவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஆலோசனை அளித்துவருகிறது. குடும்பத்தின் பழக்கமும் மாறினால்தான் சிகிச்சையின் பலன் நிலைக்கும்.

21 நாளில் பழக்கம் மாறும் என்பது வெறும் பேச்சு. லண்டனில் பிலிப்பா லாலியின் ஆய்வில் ஒரு புதிய பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. சறுக்கிய அன்றைக்கே "பார்த்தியா, நீ திருந்த மாட்டே" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் மறுபடியும் கடைக்கு அனுப்பிவிடும்.

## தயவுசெய்து, சீக்கிரம் வாருங்கள்

பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சம்சு வாங்கிவரச் சொல்லாதீர்கள். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. அதைவிட முக்கியம், அந்தப் பாட்டிலைக் கையில் ஏந்தி வரும் பிள்ளை அன்றே பாதி கற்றுக்கொள்கிறது.

வெட்கப்படாதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு வருடம் மறைத்து வைத்தால், ஊர் உங்கள் பிள்ளையின் இரண்டு வகுப்பைத் திருப்பித் தராது. ஆசிரியர் புகார் சொன்ன மாதமே வாருங்கள். காலையில் கை நடுங்கத் தொடங்கிய வாரமே வாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் அடி உதை நடந்தால் 15999க்கு எந்த நேரமும் அழைக்கலாம். மனம் தாங்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 இருக்கிறது. குடியை நிறுத்தியவருக்கு வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் 999ஐ அழையுங்கள். வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மட்டும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.