கிணற்றைக் காணாத கணிப்பொறி

கணிப்பொறி வகுப்பறைக்குள் வந்துவிட்டால் ஆசிரியர் எதற்கு என்று சிலர் அஞ்சுகின்றனர். இனிக் கணக்கே போட வேண்டாம் என்று மாணவர் சிலர் மகிழ்கின்றனர். இரண்டும் சரிதானா?

நம் நாட்டில் 1984-85ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்னும் மைய அரசுத் திட்டத்தின்படி 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் முன்னோட்டமாக வைக்கப்பட்டன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டுதான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளின் நினைவகமோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. நினைவகம் வளர்ந்தது, அந்த அச்சமும் மகிழ்ச்சியும் மாறவில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். திண்டுக்கல் சமவெளியில் தோட்டக் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. வற்றிய கிணறு ஒன்றில் கல்லைப் போடுகிறீர்கள். 2 நொடியில் ஓசை கேட்கிறது. ஆழம் எவ்வளவு? ஓசை மேலே வரும் சிறு நேரத்தை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. இதை நேரத்தின் இருமடியாகிய 4ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 19.6 மீட்டர்.

கணிப்பொறியில் 9.8க்குப் பதிலாக 98 என்று தட்டிவிட்டால்? சற்றும் தயங்காமல் 196 மீட்டர் என்று விடை தரும்! ஏறத்தாழ 640 அடி ஆழத்தில் தோட்டக் கிணறு ஏது? கிணற்றை எட்டிப் பார்த்த மாணவன் சிரித்துவிடுவான். கணிப்பொறி கிணற்றைக் கண்டதில்லை. அதற்கு எண்தான் தெரியும்.

விரைந்து பெருக்குவது பொறியின் வேலை. வந்த விடை பொருந்துமா என்று ஐயுறக் கற்பிப்பது ஆசிரியரின் வேலை. ஆகவே, விசையைத் தட்டுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மனத்திலே போட்டுப் பாருங்கள். அப்போது கணிப்பொறி உங்களுக்கு எசமானன் ஆகாது. நல்ல வேலையாளாகவே இருக்கும்.