டீலர் மேசையில் ஒரு மின்சார டிரக்

அமெரிக்காவில் எலக்ட்ரிக் பிக்கப் டிரக் வாங்கலாமா என்று யோசிப்பவர்களின் கேள்விகள் எல்லாம் பேட்டரியைச் சுற்றியே வரும். எத்தனை மைல் ஓடும், பனிக்காலத்தில் என்ன ஆகும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும்? கேட்க வேண்டிய கேள்விகள்தான், பதிலும் எளிதில் கிடைத்துவிடும். ஆனால் வண்டி வாங்கிய பிறகு நிம்மதியாக இருப்பீர்களா என்பதைப் பேட்டரியைவிட டீலர்தான் அதிகம் தீர்மானிக்கிறார். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நீளமான கதை.

ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கையே எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் அறிமுகமாகி, அடுத்த மே மாதம் முதல் வாங்கியவர்கள் கைக்கு வந்த வண்டி. பெரிய பேட்டரியில் 131 யூனிட் மின்சாரம் அடங்கும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிட அதிகம். அதை வைத்து 320 மைல், அதாவது சுமார் 515 கிலோமீட்டர் ஓடும் என்பது அரசு மதிப்பீடு. பின்னால் கனமான டிரெய்லரைக் கட்டி இழுத்தால் அந்தத் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடுங்குளிரிலும் நன்றாகவே குறையும். அதே வண்டி, கரண்ட் போன வீட்டுக்கு 9.6 கிலோவாட் வரை மின்சாரம் தரும். இழுவைக்கென்றே வாங்குகிறவர் யோசிக்கட்டும். வேலைத்தளத்துக்கும் வீட்டுக்குமாகப் போய்வருகிறவருக்கு அருமையான வண்டி.

இனி விற்பனைக்கு வருவோம். ஃபோர்டு வண்டியை ஃபோர்டிடமிருந்து நேரடியாக ஏன் வாங்க முடியாது? காரணம் சட்டம், அதன் வேர் நூறு வருடத்துக்கு முன்னால் இருக்கிறது. 1920 கடைசியில் வியாபாரம் படுத்தபோது ஹென்றி ஃபோர்டு கடனில் இருந்தார். டீலர்கள் கேட்காத கார்களையும் ரயிலில் ஏற்றி அனுப்பி, வந்து இறங்கியதும் முழுப் பணத்தையும் கட்டச் சொன்னார். கட்டாவிட்டால் டீலர்ஷிப் பறிபோகும். ஊர் வங்கியில் கடன் வாங்கித்தான் பலர் தப்பித்தார்கள். கம்பெனி கழுத்தைப் பிடித்தால் சிறு வியாபாரிக்குப் போக்கிடம் இல்லை என்பது இப்படித்தான் நாட்டுக்குத் தெரிந்தது. பிற்பாடு மாநிலம் மாநிலமாக டீலர் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 1956-ல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றும், நேர்மையில்லாமல் நடந்துகொள்ளும் கார் கம்பெனியை டீலர் நீதிமன்றத்துக்கு இழுக்க வழி செய்தது. தன் டீலரோடு கம்பெனியே போட்டிக்கு வந்து விற்கக்கூடாது என்ற தடை இந்த வரிசையில் வந்ததுதான். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

டீலர்கள் ஊருக்கு உதவியதும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் உறைந்து மின்சாரம் இல்லாமல் தவித்தபோது, ஜெனரேட்டர் வசதியுள்ள ஹைப்ரிட் எஃப்-150 வண்டிகளை மக்களுக்குக் கொடுத்து உதவுமாறு ஃபோர்டு தன் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. ஊருக்கு ஊர் கடை இருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.

அடுத்தது விலை. புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு 1958-ல் வந்த சட்டத்தின்படி கட்டாயம். ஆனால் அதை நம் ஊர் எம்.ஆர்.பி. போல நினைத்துவிடக் கூடாது. அதற்கு மேல் விற்காதே என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. லைட்னிங்கின் ஆரம்ப விலை 39,974 டாலர் என்று அறிவித்ததும், 100 டாலர் கட்டி ஏறக்குறைய 2 லட்சம் பேர் முன்பதிவு செய்தார்கள். வண்டி குறைவு, கேட்பவர்கள் அதிகம். சந்தை நிலவரத்துக்கான கூடுதல் என்று சொல்லி, சீட்டு விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் கேட்ட டீலர்கள் உண்டு. முன்பதிவு செய்தவர்களிடம் அதிகம் கேட்டால் வண்டி ஒதுக்கீடு போய்விடும் என்று 2022 ஜனவரியில் ஃபோர்டே எச்சரித்து எழுத வேண்டியிருந்தது. கம்பெனியால் எச்சரிக்கத்தான் முடிந்தது, விலையை நிர்ணயிக்க முடியவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் கடையின் பின்கட்டில், சர்வீஸ் பட்டறையில் இருக்கிறது. அமெரிக்க டீலர்களின் மொத்த லாபத்தில் ஏறத்தாழ பாதி சர்வீஸிலும் உதிரிபாகத்திலும் வருவது. புது வண்டி விற்பதில் கிடைப்பது ஒப்பிட்டால் சொற்பம். எலக்ட்ரிக் டிரக்குக்கு ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் கிடையாது, சைலன்சர் கிடையாது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொடுப்பதால் பிரேக் பேடும் நீண்ட நாள் உழைக்கும். டயர் மட்டும் வண்டியின் எடையால் சீக்கிரம் தேயலாம். ஆக, டீலர் ஒரு எலக்ட்ரிக் டிரக்கை விற்கும்போது, வருடக்கணக்கில் வரவேண்டிய தன் வருமானத்தில் ஒரு பகுதியையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார். விற்பனையாளருக்கோ, சார்ஜரையும் வீட்டு வயரிங்கையும் விளக்கும் நேரத்தில் இரண்டு பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். “இது உங்களுக்குச் சரிப்படாது சார், பெட்ரோல் மாடலைப் பாருங்கள்” என்று அவர் சொன்னால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

ஃபோர்டுக்கும் இது தெரிந்தே இருந்தது. சார்ஜரும் பயிற்சியும் உள்ள டீலர்தான் எலக்ட்ரிக் விற்கலாம், அதற்கு 5 லட்சம் டாலர் முதல் 12 லட்சம் டாலர் வரை முதலீடு ஆகும் என்று 2022-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பலர் சேர்ந்தார்கள், பலர் முரண்டு பிடித்தார்கள். 2024-ல் அதைக் கைவிட்டு, எல்லா டீலரும் விற்கலாம் என்று திறந்துவிட்டது. அதனால் இன்று ஒரு கடையில் லைட்னிங் நிற்கிறது என்பதற்காக, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டீலரே வேண்டாம் என்றால் டெஸ்லா, ரிவியன் இரண்டும் நேரடியாக விற்கின்றன. அங்கே பேரம் இல்லை, மேல்காசு இல்லை. ஆனால் டெக்சாஸில் தயாராகும் சைபர்டிரக்கை டெக்சாஸ்காரருக்கே அங்குள்ள கடையில் வைத்து டெஸ்லாவால் விற்க முடியாது. ஆன்லைனில் ஆர்டர் செய்ய வேண்டும். சர்வீஸ் மையங்களும் பழைய கம்பெனிகள் அளவுக்கு ஊர் ஊராக இல்லை. பெருநகரத்தில் இருந்தால் நேரடி விற்பனைதான் என் தேர்வு. சிற்றூரில் இருப்பவருக்கு அதையே சொல்ல எனக்குத் துணிவில்லை.

டீலரிடம்தான் போகிறீர்கள் என்றால், “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். மாதத் தவணையை வைத்துப் பேசினால், லோனை 84 மாதத்துக்கு இழுத்து எந்த விலையையும் சின்னதாகக் காட்டிவிட முடியும். வரி, பதிவு, இதர கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில். காகித வேலைக்கென்று ஒரு கட்டணம் வரும். கலிஃபோர்னியாவில் அதற்கு 85 டாலர் என்று உச்சவரம்பு உண்டு, ஃபுளோரிடாவில் வரம்பே இல்லை. விலை முடிந்ததும் கையெழுத்துக்காக இன்னொரு அறைக்குக் கூட்டிப்போவார்கள். கூடுதல் வாரண்டியும் பெயிண்ட் பூச்சும் அங்கேதான் விற்பனையாகும். வங்கி ஒப்புக்கொண்ட வட்டிக்கு மேல் டீலர் ஏற்றி எழுதி, வித்தியாசத்தில் பங்கு பெறும் வழக்கமும் உண்டு. அதனால் கிரெடிட் யூனியனில் முன்கூட்டியே லோன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள். இத்தகைய கட்டணங்களை ஒழுங்குபடுத்த 2023 டிசம்பரில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்தது. டீலர் சங்கங்கள் வழக்குப் போட, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த விதி உங்களுக்குத் துணைக்கு வராது.

எலக்ட்ரிக் வண்டி வாங்குபவர்களுக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அதே வருட டிசம்பரில் முழு மின்சார லைட்னிங் தயாரிப்பையே நிறுத்துவதாக ஃபோர்டும் அறிவித்தது. இனி வாங்குவது பெரும்பாலும் கையிருப்பு வண்டியாகவோ பழைய வண்டியாகவோதான் இருக்கும். பேட்டரிக்கான வாரண்டி 8 வருடம் அல்லது 1 லட்சம் மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. அது வண்டியோடு அடுத்த உரிமையாளருக்கும் போகும். அந்த வாரண்டி வேலையை ஃபோர்டு டீலரிடம்தான் செய்துகொள்ள முடியும் என்பதால், கையெழுத்துப் போடும் முன் விற்பனை மேசையைத் தாண்டி சர்வீஸ் கவுண்டருக்கு நடந்து போங்கள். உயர் அழுத்த பேட்டரி வேலைக்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எத்தனை பேர், பேட்டரியைக் கழற்றி இறக்கும் மேசை இருக்கிறதா, கடைசியாக வந்த எலக்ட்ரிக் டிரக் எத்தனை நாள் பட்டறையில் நின்றது என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால், பதில் தரும் டீலர் ஐம்பது மைல் தள்ளி இருந்தாலும் அங்கே போய் வாங்குங்கள்.