பழுதும் பரிகாரமும் – 9: புல்வெட்டும் யந்திரம்

களனி கங்கையின் தென்கரையை ஒட்டி, வீட்டோடு வீடு நெருங்கிக் கிடக்கும் கிராண்ட்பாஸில் புல்தரை என்பது அபூர்வமான வஸ்துவே. ஆயினும் அங்குள்ள சிறு பட்டறைகளுக்குக் கறுவாத்தோட்டத்து வீடுகளிலிருந்து புல்வெட்டும் யந்திரங்கள் முச்சக்கர வண்டிகளில் வந்து சேர்ந்தபடியே இருக்கின்றன. உதிரிப்பாகம் தேவைப்பட்டால் பஞ்சிகாவத்தைக் கடைகளும் அதிக தூரமில்லை. வருகிற யந்திரங்களிற் பலவற்றை உடையவர்களே மனத்தளவில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருப்பார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத்தீர்ப்பு என்பதே என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908இல் தோன்றிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் எஞ்சின்களை இத்தகைய யந்திரங்களில் அடிக்கடி காணலாம். ஒரே சிலிண்டர், கயிற்றை இழுத்தால் சுழலும் ஃப்ளைவீல், காற்றிலேயே குளிரும் உடல். இவ்வளவு எளிய அமைப்புள்ள எஞ்சின் ஓட மறுத்தால், அமுக்கம், எரிபொருள், தீப்பொறி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று குறைந்திருக்க வேண்டும், அல்லது பொறி நேரந்தவறி விழவேண்டும். எது என்று தெளியுமுன் திருகாணியில் கைவைப்பவர் பழுதைப் பெருக்குகிறார்.

“தம்பி, முதல்ல பிளக்கைக் கழற்றிப் பாருங்கோ, மற்றதெல்லாம் பிறகு” என்று அங்குள்ள முதிய மெக்கானிக் ஒருவர் தம் உதவியாளனுக்குச் சொன்னதில் இவ்வித்தையின் பாதி அடங்கிவிட்டது. பிளக்கின் நுனி பெற்றோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறியைச் சந்தேகிக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. பொறி நன்றாக இருந்து நுனி உலர்ந்திருந்தால், பிளக் துவாரத்தின் வழியே சில துளி பெற்றோல் விட்டு, பிளக்கை மீண்டும் பூட்டிக் கயிற்றை இழுக்க வேண்டும். எஞ்சின் இரண்டு கணம் உறுமி அடங்குமானால் குற்றவாளி காபரேட்டரே.

காபரேட்டரின் குற்றத்துக்கு மூலம் பெரும்பாலும் பழைய பெற்றோல். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாள்முழுதும் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைக் கேன்களில் பத்திரப்படுத்திய நமக்கு, அது வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும் பொருளன்று என்ற உண்மை தோன்றியதில்லை. அதன் இலேசான அம்சங்கள் ஆவியாகிப்போக, எஞ்சியது பிராணவாயுவுடன் கலந்து, தேன்நிறப் பிசினாகக் காபரேட்டரின் அடியிற் படிகிறது. காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டின் துவாரமோ தலைமயிர்க்கு நிகரானது. மேற்படி முதியவர் அந்தப் பித்தளைத் துண்டைச் சுத்திகரிப்புத் திரவத்தில் ஊறவிட்டு, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையை மெதுவாக நுழைத்தெடுத்து, காற்றடித்து, பின் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்த்தார். துவாரத்தில் வெளிச்சப் புள்ளி ஒன்று வட்டமாகத் தெரிந்த பிறகே அதைத் திரும்பப் பூட்டினார். ஊசியால் குத்தினால் துவாரம் அகன்று, எஞ்சின் பின்னர் ஒருபோதும் சரியான அளவில் பெற்றோல் குடியாது.

கல்லில் அலகு மோதிய பின் ஓட மறுக்கும் யந்திரத்தின் கதை வேறு. ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறிய கீ மிருதுவான உலோகத்தாற் செய்யப்பட்டது. அதிர்ச்சியைத் தான் ஏற்று அறுந்து, விலையுயர்ந்த தண்டைக் காப்பதும் அதன் கடமைகளுள் ஒன்று. அது சற்றே நழுவினாலும் பொறி நேரந்தவறி விழும். கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென இழுக்கும். அந்த இடத்தில் இரும்பு கீ போடுவது கெட்டிக்காரத்தனமன்று, கேடு.

அமுக்கத்தை அறியக் கயிற்றை மெல்ல இழுத்தாலே போதும், ஓரிடத்தில் எதிர்ப்புத் தென்பட வேண்டும். அது அறவே இல்லாத எஞ்சினுக்கு மட்டுமே பெருஞ்செலவு நேரலாம். மற்றவற்றை ஒரு பிளக்கும் ஒரு மாலைப்பொழுதும் பெரும்பாலும் மீட்டுவிடும்.

இதைப் படித்துவிட்டு வீட்டு யந்திரத்தைத் திறக்க முற்படும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அலகின் அருகே கை கொண்டுபோகுமுன் பிளக் கம்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி அப்பால் ஒதுக்கி வையுங்கள். அலகைக் கையாற் சுழற்றினாலே எஞ்சின் கிளம்பிவிடக்கூடும்.