சென்னையா, மும்பையா? பெட்டி கட்டும் முன் ஒரு கணக்கு

பிளஸ் 2 முடிவும் கல்லூரி முடிவும் வந்துவிட்டால் நம் குடியிருப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பிள்ளையை எங்கே அனுப்புவது? மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்து வீடுகளில் விடை பெரும்பாலும் சென்னைதான். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். மும்பையில் ஒரு மாமனோ சித்தப்பாவோ இருக்கும் வீட்டில் மட்டும் பேச்சு வேறு மாதிரி போகும். "அங்க நீ யாரு, எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான். வேலை செஞ்சியா, கூலி வாங்கினியா, அவ்வளவுதான்" என்று அவர் போனில் சொல்லியிருப்பார்.

இரண்டும் கடற்கரை நகரங்கள். இரண்டும் கிராமத்திலிருந்து போன நம் உழைப்பால் வளர்ந்தவை. எது நமக்கு வாழ ஏற்ற ஊர்? சம்பளத்தையும் வாடகையையும் மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும். நம் கணக்கில் இன்னும் இரண்டு வரிகள் சேர வேண்டும். ஒன்று முகவரி, மற்றொன்று சாதிச் சான்றிதழ்.

பழைய பயணம்

ஊரை விட்டுப் போவது நமக்குப் புதிதில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, கடனுக்காகப் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதை அந்த அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை வந்ததற்கு அதுவே காரணம். அந்தக் காலத்தில் பண்ணையை விட்டுத் தப்ப நினைத்தவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று சென்னை. கப்பல் ஏறிக் கடல் கடந்து போனவர்களும் உண்டு.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அப்படிச் சென்னை போனவர்தான். 1893இல் அங்கே 'பறையன்' இதழைத் தொடங்கினார்.

நகரத்துக்குப் போனதும் சாதி விட்டுவிட்டதா? பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நம்மவர்களுக்கு வேலை கிடைத்தது. 1921 வேலைநிறுத்தத்தின் போது தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டதும் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. மும்பை ஆலைகளில் நிலைமை வேறு விதம். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் நாடாவில் நூல் கோக்க, வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவைத் தொட மற்றவர்கள் மறுத்தார்கள். அதனால் அந்தப் பிரிவின் கதவே நம்மவர்களுக்கு அடைக்கப்பட்டது. 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதைக் கேள்வியாக எழுப்பினார்.

ஆக, "அங்க யாரும் கேக்க மாட்டான்" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. டீக்கடையில் கேட்க மாட்டார்கள். ரயிலில் கேட்க மாட்டார்கள். வீடு வாடகைக்குக் கேட்டால் இரண்டு ஊரிலும் கேட்பார்கள். சென்னையில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே வரும், இல்லாவிட்டால் "சைவம் மட்டும்" என்ற பலகையாக வரும். மும்பையில் குடும்பப் பெயரையும் சமையலையும் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

நகரின் நடுவே, நகரின் ஓரத்தில்

மும்பைத் தமிழர் என்றதும் நினைவுக்கு வருவது தாராவி. தோல் பதனிடும் வேலைக்காக நெல்லைச் சீமையிலிருந்து போன ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே குடியேறினர். நம் வட மாவட்டங்களிலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். தாராவியில் இடம் நெருக்கடி. கழிப்பறைக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. ஆனாலும் அந்த இடத்துக்கு ஒரு பலம் உண்டு. அது நகரின் நடுவில் இருக்கிறது. மாட்டுங்கா, சயான், மாஹிம் ரயில் நிலையங்கள் நடக்கும் தூரம். வேலை பக்கத்திலேயே. வீட்டு வேலைக்குப் போகும் பெண் மதியம் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் போக முடியும்.

சென்னை வேறு வழியில் போனது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது முக்கிய வேலையாக இருந்தது. 2000க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே அனுப்பப்பட்டனர். முதலில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். மூன்றிலும் சேர்த்து நாற்பதாயிரம் வீடுகளுக்கு மேல் வரும். இதில் பெரும்பாக்கம் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

நம் தாத்தா காலத்தில் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போனோம். இப்போது சென்னை நம்மைத் திரும்பச் செங்கல்பட்டு எல்லைக்கே அனுப்பி வைக்கிறது. கையில் வீடு இருக்கும். வேலை மயிலாப்பூரிலோ சேத்துப்பட்டிலோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும். விடியற்காலையில் பேருந்து ஏறும் பெண்களைக் கேட்டால் இதன் கணக்கைச் சொல்வார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய கை கொடுத்திருக்கிறது. ஆனால் பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

தாராவியும் இனி நடுவில் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதை இடித்துக் கட்டும் திட்டத்தை 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காகிதத்தில் காட்டுபவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். சென்னையில் 25 ஆண்டுகளாக நாம் பார்த்தது அங்கே இப்போது தொடங்குகிறது.

மழை வரும்போது

கடலோர நகரத்தில் யார் எங்கே குடியிருக்கிறார் என்பது மழை நாளில் தெரிந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றங்கரைக் குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது அடையாற்றங்கரைக் குடிசைகள் போயின. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி அந்த மக்களை அனுப்பியது பெரும்பாக்கத்துக்கு. அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம். தண்ணீருக்குப் பயந்து எழுந்தவர்களைத் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே மறுபடி உட்கார வைத்தார்கள்.

முகவரியின் எடை

கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது என்பதால் துரைப்பாக்கம் என்று எழுதிய இளைஞர்கள் நிறைய. தாராவி என்று எழுதத் தயங்கி, சயான் என்று எழுதுபவர்கள் மும்பையில் உண்டு. ஊரில் நமக்கு இது பழகியதுதான். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில்தான் தமிழக அரசு அறிவித்தது. முகவரியில் சாதியைக் கண்டுபிடிக்கும் வேலை கிராமத்தோடு நிற்பதில்லை.

அதே 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊர்ப் பெயரோடு சேர்த்தே அவர் பெயரை நாடு சொன்னது. மறைத்து எழுதிய முகவரியை ஒரு பெண் நிமிர்த்தி வைத்தார்.

சான்றிதழ் ரயில் ஏறுமா?

இனிதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 சதவீத இடஒதுக்கீடு. மகாராஷ்டிரத்தில் 13 சதவீதம். "13 இருக்கிறதே, போதுமே" என்று எண்ணிப் போகக் கூடாது. அந்த 13இல் நமக்குப் பங்கு இல்லை.

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர், வேலைக்கோ படிப்புக்கோ வேறு மாநிலம் போனால் அங்கே அந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஆந்திரத்திலிருந்து தந்தையின் வேலைக்காக மும்பை வந்த பழங்குடி மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடர்ந்த வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. 1994இல் இதையே மறுபடி உறுதி செய்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இதே நிலையை ஏற்றது.

இதன் பொருளை வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஒரு குடும்பம் மதுராந்தகத்திலிருந்து மும்பை போகிறது. பிள்ளை அங்கே பிறந்து, அங்கே படித்து, மராத்தி பேசி வளர்கிறது. மகாராஷ்டிர அரசுக் கல்லூரியில் அது பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது என்பதைத்தான் அலுவலகம் கேட்கும். பிள்ளை பிறந்த தேதி அங்கே செல்லாது. குப்பை அள்ளும் வேலைக்குப் போனால் சாதி கூடவே வருகிறது. கல்லூரி வாசலுக்குப் போனால் அதே சாதிக்கு உரிய உரிமை எல்லையில் இறங்கிவிடுகிறது.

எல்லாக் கதவும் மூடவில்லை. மத்திய அரசு வேலை, ரயில்வே, அரசு வங்கி, ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற மத்திய நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி, மும்பையில் வளரும் பிள்ளைக்கு அங்கேயே சான்று பெறவும் விதி உண்டு. அதில் சொந்த மாநிலம் குறிக்கப்பட்டிருக்கும். மத்திய இடங்களுக்கு அது போதும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகையும் சொந்த மாநிலம் தருவது. வெளிமாநிலத்தில் படித்தாலும் விண்ணப்பம் தமிழ்நாட்டில்தான்.

மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. இத்தனை மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி அபூர்வம்தான். ஆனால் மேல் வகுப்புகளுக்குப் போகும்போது பல பிள்ளைகள் வேறு மொழிக்கு மாற வேண்டி வரும். அந்த இடத்தில்தான் பலர் படிப்பை நிறுத்துகிறார்கள்.

நம் கணக்கு

படிக்கப் போகும் பிள்ளைக்குச் சென்னை. நம் பதில் இதுதான். 18 சதவீதமும், ஆதிதிராவிடர் நல விடுதியும், முதல் பட்டதாரி சலுகையும் இங்கேதான் செல்லும். படித்து முடித்து மத்திய நிறுவனத்திலோ தனியார் நிறுவனத்திலோ வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு மும்பை நல்ல ஊர். டிசம்பர் 6 அன்று தாதர் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் வரும் மக்களோடு ஒருமுறை நின்று பார்த்தால், நாம் எவ்வளவு பெரிய கூட்டம் என்பது புரியும். அந்தத் தைரியத்தைத் தருவதில் மும்பைக்கு ஈடில்லை. கூலி வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் மட்டும் பிள்ளைகளின் படிப்பை நினைத்து இருமுறை யோசிக்க வேண்டும்.

எங்கே போனாலும் சில வேலைகளை முடித்துவிட்டுப் போக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரின் சாதிச் சான்றிதழைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாங்கி வையுங்கள். தாத்தா, அப்பா பள்ளிச் சான்றுகளைத் தூக்கி எறியாதீர்கள். நகரத்தில் குடியேறிய முதல் மாதத்திலேயே அந்த முகவரிக்கு ஏதாவது ஓர் அரசு ஆவணம் வாங்குங்கள். ஒருநாள் இடிக்க வரும்போது கேட்கப்போவது அதைத்தான்.

ஊரில் இருக்கும் மனைப் பட்டாவையும் நிலத்தையும் விட்டுவிடாதீர்கள். பஞ்சமி நிலம் கேட்டு எழுந்த காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரைப் பறிகொடுத்தோம். அப்படி உயிர் கொடுத்துக் கேட்ட மண்ணை, நகரத்து அட்வான்ஸ் தொகைக்காக விற்றுவிட்டுப் போவது நமக்குக் கட்டுப்படியாகாது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நமக்காக இருவர் அமர்ந்தனர். ஒருவர் மும்பை பரேலில் ஒண்டுக் குடித்தன வீட்டில் வளர்ந்த அம்பேத்கர். மற்றவர் கோழியாளத்திலிருந்து சென்னைக்குப் போன இரட்டைமலை சீனிவாசன். இரண்டு ஊரும் அவர்களுக்கு இடத்தைத் தானாக ஒதுக்கித் தரவில்லை. படித்து, கேட்டு வாங்கினார்கள். நம் பிள்ளைகளும் பெட்டி கட்டும்போது சான்றிதழை அடியில் வைக்காமல் மேலே வைக்கட்டும்.