கரையோரம்தான் ஆழம்

பின்லாந்தில் ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் உள்ளன. பெரும்பாலானவை பனியுகத்துப் பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்கள். திண்டுக்கல் சமவெளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பனிப்பாறையும் வரவில்லை, நிலம் உள்வாங்கிப் பெரும்பள்ளம் விழவும் இல்லை. மிகப் பழைய நிலம் இது. பள்ளங்கள் இருந்திருந்தாலும் ஓடைகள் எப்போதோ அவற்றை அறுத்து வடித்திருக்கும். மேலே கொடைக்கானலின் புகழ்பெற்ற ஏரியே, மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் தேக்கியதுதான்.

ஆகவே இந்த ஊர்க் குளங்களும் கண்மாய்களும் மனிதர் கட்டியவை. ஆனால் கட்டியவர்கள் நிலத்தைப் படித்துவிட்டே கட்டினார்கள். அடியில் இருப்பது சார்னோக்கைட்டும் நைஸும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய பாறைகள் அவை. திண்டுக்கல் மலைக்கோட்டையின் வழவழப்பான முதுகைப் பார்த்தாலே தெரியும்: மழை அதில் ஊறாது, வழிந்து ஓடும். சமவெளியில் இந்தப் பாறைமேல் சில மீட்டர் சிதைந்த மண் கிடக்கிறது. நீர் இறங்குவது அதிலும் பாறை வெடிப்புகளிலும்தான்.

கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சரிவு. கொடகனாறு வைகைப் பக்கம் திரும்பாமல் வடக்கே போய் அமராவதியில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புரண்டு வரும் ஓடைகள் மற்ற மாதங்களில் வெறும் மணல். அந்த நீரைப் பிடிக்க, சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை போதும். மேட்டுப் பக்கம் கரையே தேவையில்லை. அதனால்தான் கண்மாயின் ஆழம் நடுவில் இல்லை, மடை இருக்கும் கரையோரத்தில் இருக்கிறது. குளிக்க இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. கண்மாய் நிரம்பியதும் நீர் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்.

கரைக்குக் கீழே இன்னொரு வேலை நடக்கிறது. தேங்கிய நீர் சிதைந்த மண் வழியே கசிந்து கிணறுகளில் ஊறுகிறது. தூர் வாரும்போது மடைமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் வயலுக்குப் பாயாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பாசனம் பெரும்பாலும் கிணற்று மோட்டாருக்கு மாறிவிட்ட இடங்களில், கரம்பை மண்ணை அள்ளிய பள்ளம் கிணற்றுக்காரருக்கு லாபமே.