அளக்கும் கையும் கற்க வேண்டும்

அண்மையில் எங்கள் கிளையில் நடந்த மருத்துவ முகாமில், படியேறி வந்த வேகத்திலேயே இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினேன். செவிலியர் உடனே அளக்க மறுத்துவிட்டார். "ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், சார். முதுகு சாய்ந்திருக்கட்டும்; கால்மேல் கால் வேண்டாம்." பணியில் இருபது ஆண்டுகள் கழிந்த பின், அண்மைப் பயிற்சி ஒன்றில்தான் இம்முறையைச் செம்மையாகக் கற்றதாகச் சொன்னார். பிறகு இருமுறை அளந்தார். இரண்டிலும் 140/90ஐத் தாண்டியிருந்தது. எனக்கோ எந்த அறிகுறியும் இல்லை. மருத்துவரை அணுகினேன், இன்று மாத்திரை உட்கொள்கிறேன்.

மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும் உயர் இரத்த அழுத்தம், பெரும்பாலும் ஓசையின்றியே வளர்கிறது. அளவு பிழைத்தால் நோயாளி கவனிப்பின்றி விடுபடுவார். அல்லது நோயற்றவர் வீணே மருந்து உண்பார். எனவேதான் 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, மருத்துவரோடு செவிலியரையும் பிற சுகாதாரப் பணியாளரையும் ஒரே குழுவாகப் பயிற்றுவிக்கிறது. சரியாக அளப்பது, எளிய நெறிமுறைப்படி மருந்து வழங்குவது, வரத் தவறியவரைத் தேடி அழைப்பது எனப் பொறுப்புகள் பகிரப்படுகின்றன.

விதிகள் மாறும்போதெல்லாம் வங்கியாளராகிய நாங்களும் மீண்டும் வகுப்பில் அமர்கிறோம். அடுத்த முறை செவிலியர் காத்திருக்கச் சொன்னால், அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, பொறுமையுடன் அமருங்கள். அந்த ஐந்து நிமிடம் வீணன்று.