காப்பித் தூள் மருந்தல்ல

விலைவாசி, வரி, தராசு முத்திரை என்று பேசிவரும் இப்பக்கங்களில் இம்முறை இரத்தக் காயத்தைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரத்தோடு தேங்காய்க் களமும் உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்பவர்களுக்குப் பாரையில் கை வழுக்குவது புதிய செய்தியல்ல. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு முன்கை நீளமாகக் கிழிந்துவிட்டது. நாங்கள் பதறிப்போய்க் காப்பித் தூளைக் கை நிறைய அள்ளி அப்பி, தோளில் கிடந்த துண்டால் கட்டி அனுப்பிவைத்தோம். தையல் போட்ட நேரத்தைவிட அந்தத் தூளைக் கழுவி எடுக்க ஆன நேரமே அதிகம். அவர் துடித்த துடிப்பை அருகில் நின்று பார்த்தோம். புண் சீழ் பிடித்து ஆற ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. கூலியும் வைத்தியச் செலவும் கொடுத்தோம். கொடுத்தாலும் தவறு எங்களுடையதுதான். இத்தனைக்கும் அன்றைக்கு எங்கள் கிடங்கில் பிளாஸ்திரி அட்டைகளும் கட்டுத்துணிச் சுருள்களும் விற்பனைக்கு அடுக்கியிருந்தன. விற்கத் தெரிந்தது, எடுத்துக் கட்டத் தெரியவில்லை.

காப்பித் தூள், மஞ்சள் தூள், புகையிலை, மண்ணெண்ணெய் இவை எதுவும் புண்ணில் படக்கூடாது. முதல் வேலை அழுத்துவது. உறை பிரிக்காத, கிருமி நீக்கிய காஸ் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் நேராக அழுத்த வேண்டும். கிடைக்காவிட்டால் சலவை செய்த சுத்தமான கைத்தறித் துண்டு போதும். பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்ப்பது. உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி பெருக்கெடுக்கும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தலாம். அதுவும் நனைந்தால் அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்று பொருள். இரண்டையும் எடுத்துவிட்டுப் புதுத் துணியோடு, இரத்தம் வரும் இடத்தைப் பார்த்து மீண்டும் அழுத்த வேண்டும். அழுத்துபவர் கையுறை போட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது. கையுறை இல்லையென்றால் சுத்தமான பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்; நம் கடைகளில் அதற்கா பஞ்சம்?

பஞ்சை நேரடியாகப் புண்ணில் வைக்கக்கூடாது. இழை ஒட்டிக்கொண்டு பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. காஸின் மேலே மெத்தையாக வைத்துக் கட்டத்தான் பஞ்சு. கட்டிய பின் விரல் நகத்தை அமுக்கி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் மரத்துக் குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். கயிற்றுக் கட்டு, சணல் கட்டு வேண்டவே வேண்டாம்.

கண்ணாடித் துண்டோ ஆணியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருந்து இரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி இருபுறமும் துணியை அணைகட்டி வைத்துக் கட்டி அனுப்ப வேண்டும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்து ஓய்ந்தபின், இந்த வட்டாரத்தில் தென்னை விழுந்து சாலை அடைத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பறந்து வந்த தகரத்தில் கை கிழிந்தவர், மரம் அறுக்கும்போது காலில் அரிவாள் பட்டவர் என்று எங்கள் கடைத் திண்ணைக்கே ஆட்கள் வந்தார்கள். சாதாரண நாளில் 108 வண்டியை அழைத்துவிடலாம். அன்றைக்கு வண்டி வர வழி வேண்டாமா? அதற்குள் நாங்கள் அழுத்தக் கற்றிருந்தோம். காப்பித் தூள் டப்பாவை யாரும் திறக்கவில்லை.

இனி சரக்கைப் பற்றிச் சிறிது. நாம் விற்கும் கட்டுத்துணியில் பெரும்பகுதி நம் மாநிலத்திலேயே, இராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் விசைத்தறியில் நெய்யப்படுகிறது. வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆனால் சுருளாக வரும் துணியெல்லாம் கிருமி நீக்கியது என்று எண்ணிவிடக்கூடாது. உறையில் அப்படி அச்சிட்டிருந்தால் மட்டுமே புண்ணை ஒட்டி வைக்கலாம், மற்றது மேல்கட்டுக்கு. உறை கிழிந்தாலோ நனைந்தாலோ அதுவும் சாதாரணத் துணிதான். வாசலில் வெயில்படத் தொங்கும் பிளாஸ்திரி அட்டைகளின் பசை கெட்டுப்போகும், உள்ளே தொங்கவிடுங்கள். காலாவதித் தேதி பார்த்துப் பழைய சரக்கை முன்னால் தள்ளும் சாமர்த்தியத்தை இதில் காட்ட வேண்டாம்.

இந்தப் பிளாஸ்திரியைக் கண்டுபிடித்தவரும் நம் இனம்தான். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்துவந்த எர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட மனைவிக்காக 1920-ல் ஒட்டும் நாடாவின் நடுவே காஸ் துண்டை வைத்துத் தந்தார். அந்தக் காஸ் துண்டு மட்டுமே காயத்தில் பட வேண்டும். பசை சுற்றியுள்ள உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். நனைந்தால் மாற்ற வேண்டும். வாய் பிளந்து நிற்கும் வெட்டுக்கு இது உதவாது, தையலுக்குப் போக வேண்டியதுதான். சிறு காயமானாலும் துரு, மண் பட்டிருந்தால் இரணஜன்னி ஊசி பற்றி அன்றே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

தீக்காயத்துக்கு வழி வேறு. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு, ஒட்டாத சுத்தத் துணியால் தளர்வாக மூட வேண்டும். பற்பசை, மாவு, பஞ்சு மூன்றும் கூடாது.

எங்கள் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. காஸ், சுருள் துணி, ஒட்டு நாடா, கத்தரி, கையுறை, பிளாஸ்திரி, அவ்வளவுதான். பூட்டுப் போடவில்லை. தைப்பொங்கலுக்கும் ஆடிக்கும் திறந்து தேதி பார்க்கிறோம். களத்து ஆட்கள் அனைவருக்கும் அது இருக்குமிடம் தெரியும்.